என்ஜின் மேல் உள்ள பெயர் யாருடையது?

பழவேற்காட்டிலிருந்து தெற்கே போனால் காட்டுப்பள்ளி, எண்ணூர், சென்னை என மூன்று துறைமுகங்கள் ஒரே கடற்கரையில் வரிசையாக நிற்கின்றன. வெளிநாட்டில் செய்த பவர் டில்லர், தண்ணீர் பம்பு, களையெடுக்கும் கருவி, சிறிய டீசல் என்ஜின், அவற்றின் உதிரிபாகங்கள் ஆகியவை இத்தகைய துறைமுகங்கள் வழியாகத்தான் நாட்டுக்குள் வருகின்றன. வயலுக்கென்று செய்த சிறிய டீசல் என்ஜின் வயலோடு நின்றுவிடுவதில்லை. பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்து நெல் வயலில் தண்ணீர் இறைக்கிற அதே வகை என்ஜின், நீண்ட தண்டும் காற்றாடியும் பூட்டிக்கொண்டு குப்பத்துப் பைபர் படகிலும் ஓடுகிறது. அதனால் விவசாய இயந்திரச் சந்தையில் எழும் ஒவ்வொரு தகராறும் கொஞ்சம் பிந்தியாவது மீனவக் குப்பத்துக்கு வந்து சேர்கிறது.

அந்தத் தகராறுகளில் பலரும் கவனிக்காத ஒன்று வணிகக்குறி பற்றியது. ஒரு நிறுவனத்தின் பெயர் பொறித்த இயந்திரத்தை, அந்த நிறுவனம் நியமித்த முகவர் அல்லாத வேறொருவர் வெளிநாட்டில் வாங்கி இங்கே கொண்டுவந்து விற்கலாமா? விற்றால் அது திருட்டா, போட்டியா? நிறுவனம் அதைத் தடுக்க முடியுமா? தடுத்தால் லாபம் யாருக்கு, தடுக்காவிட்டால் நஷ்டம் யாருக்கு? சட்டப் புத்தகங்களில் இதற்கு இணை இறக்குமதி என்று பெயர். வணிகர்கள் கிரே மார்க்கெட், அதாவது சாம்பல் சந்தை, என்பார்கள். இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் இதுபற்றி வந்த தீர்ப்புகளையும் விதிகளையும் தொகுத்துப் பார்த்து, ஒரு குப்பத்து மீனவருக்கும் ஒரு சிறு விவசாயிக்கும் அவற்றால் என்ன கிடைத்திருக்கிறது என்று கேட்பதே இக்கட்டுரை.

நான்கு சரக்கு, ஒரே கடை

முதலில் சரக்கைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கடையில் ஒரே வரிசையில் நிற்கும் இறக்குமதி என்ஜின்கள் சட்டத்தின் கண்ணில் நான்கு தனித்தனி வகை.

முதல் வகை, அசல் நிறுவனமே செய்து, வேறொரு நாட்டுச் சந்தைக்கென்று விற்ற பொருள். அங்கே விலை குறைவாக இருந்ததால் ஒரு வணிகர் வாங்கி இங்கே இறக்குகிறார். பொருள் அசல். வந்த வழி மட்டும் நிறுவனம் போட்ட வழி இல்லை. சாம்பல் சந்தைச் சரக்கு என்று சரியாகச் சொல்லத்தக்கது இது ஒன்றுதான்.

இரண்டாவது வகை, பழைய இயந்திரம். வெளிநாட்டில் ஓடித் தேய்ந்ததை மொத்தமாக வாங்கி, கழுவி, பெயின்ட் அடித்து, தேய்ந்த பாகத்தை மாற்றி விற்பது. மூன்றாவது வகை போலி: அந்த நிறுவனம் கையாலும் தொடாத பொருளில் அதன் பெயரைப் பொறித்து விற்பது. நான்காவது வகை சாயல். பெயர் வேறு, ஆனால் காதுக்கு நெருங்கிய பெயர். நிறமும் உருவமும் அசலைப் போலவே இருக்கும். ஹோண்டா நிறுவனத்தின் சிறிய பெட்ரோல் என்ஜினைப் பார்த்துச் சீனத்தில் செய்யப்படும் என்ஜின்கள், அதே சிவப்பு மூடியும் வெள்ளை டாங்குமாக உலகம் முழுக்க விற்கின்றன. காப்புரிமைக் காலம் முடிந்த ஒரு வடிவமைப்பைப் பின்பற்றுவது எப்போதும் குற்றமாகிவிடாது. பெயரையும் தோற்றத்தையும் வைத்து வாங்குபவரை ஏமாற்றும்போதுதான் சட்டம் குறுக்கே வருகிறது.

கடைப் பேச்சில் இந்த நான்கும் "ஒரிஜினல்", "சைனா", "டூப்ளிகேட்", "செகண்ட் ஹேண்ட்" என்று நான்கு சொல்லில் அடங்கிவிடும். ஆனால் அந்தச் சொற்கள் சட்ட வகைகளோடு பொருந்துவதில்லை. முறையாகத் தன் சொந்தப் பெயரில் வரும் சீனத் தயாரிப்பைக்கூடப் பலர் டூப்ளிகேட் என்கிறார்கள். பழைய ஜப்பான் என்ஜினுக்குப் பெயின்ட் அடித்துவிட்டால் ஒரிஜினல் ஆகிவிடுகிறது. இந்தக் குழப்பத்தில்தான் எல்லாக் கெடுதலும் தொடங்குகிறது.

குப்பத்துக்கு வந்த என்ஜின்

பழவேற்காடு ஏரி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி மட்டும் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஆழம் குறைந்த ஏரிக்குள் கழியூன்றியும் பாய் விரித்தும் தொழில் செய்தவர்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகிறவர்களுக்கோ என்ஜின் இல்லாமல் தொழில் இல்லை என்றாகிவிட்டது.

தமிழகக் கரையில் கட்டுமரத்தின் இடத்தைப் பைபர் படகு பிடித்தபோது, அதனோடு இலகுவான ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜினும் வந்தது. இத்தாலியின் லம்பார்டினி நிறுவனத்து வடிவமைப்பை வைத்து கிரீவ்ஸ் நிறுவனம் இந்தியாவில் செய்த என்ஜின் அவற்றில் பெயர் பெற்றது. ஒரு வெளிநாட்டுப் பெயர் முறையான உரிமத்தோடு இந்தியத் தொழிற்சாலையில் பொறிக்கப்பட்டு, இந்தியாவிலேயே பாகம் கிடைக்கும்படி விற்கப்பட்டதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாகப் படகும் என்ஜினும் குவிந்தன. விலை குறைந்த சீன என்ஜின்களும் கரைக்கு வந்தன.

"சீன என்ஜின்" என்ற சொல் காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் வேறொரு சண்டையையும் நினைவூட்டும். அதிவேகச் சீன என்ஜின் பூட்டிய விசைப்படகுகள் மீனை வாரிக்கொண்டு போகின்றன என்று சிறு படகு மீனவர்கள் போராடினார்கள். அது குதிரைத்திறன் பற்றிய சண்டை. கடல்வளத்தை யார் எவ்வளவு எடுக்கலாம் என்பது பற்றியது. வணிகக்குறிக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டையும் ஒன்றாக்கி "சைனா சரக்கைத் தடை செய்" என்று முடிப்பது இரண்டு பிரச்சினைக்கும் தீர்வாகாது.

ஓர் என்ஜினைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இந்த வழக்குகளின் சாரம் முழுவதும் அதன் உடம்பிலேயே எழுதியிருக்கும். பக்கவாட்டில் ரிவெட் அடித்த ஒரு சிறு தகடு. அதில் நிறுவனத்தின் பெயர், மாதிரி எண், குதிரைத்திறன், சுழற்சி வேகம், தயாரித்த ஆண்டு. கிராங்க் பெட்டியின் வார்ப்பில் குத்திய என்ஜின் எண். தகட்டில் உள்ள எண்ணும் வார்ப்பில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வார்ப்பில் எண் இருக்கும் இடம் மட்டும் கிரைண்டர் போட்டு வழவழப்பாக இருந்தாலோ, ரிவெட்டுக்குப் பதில் ஸ்குரூ இருந்தாலோ, எச்சரிக்கை ஒட்டுகள் ஜப்பானிய எழுத்திலோ சீன எழுத்திலோ இருந்து பில்லில் மட்டும் இந்தியக் கம்பெனிப் பெயர் இருந்தாலோ, அந்த என்ஜினுக்கு ஒரு முன்கதை இருக்கிறது என்று பொருள். அனுபவமுள்ள மெக்கானிக் இதை நொடியில் கண்டுபிடிப்பார். வாங்குகிறவர் பெரும்பாலும் கண்டுபிடிப்பதில்லை. அவர் பார்ப்பது பெயரைத்தான்.

இந்தியச் சட்டம் நிற்கும் இடம்

1999ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டம் 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 29ஆம் பிரிவு, பதிவான குறியை உரிமையாளரின் அனுமதியின்றித் தொழிலில் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. அந்தக் குறியோடு பொருளை இறக்குமதி செய்வதும் பயன்படுத்துவதாகவே கொள்ளப்படும். 30ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு அதற்கு ஒரு விலக்கு தருகிறது. உரிமையாளரே, அல்லது அவர் சம்மதத்தோடு வேறொருவர், ஒரு பொருளைச் சந்தையில் விட்டபின் அதை முறையாக வாங்கியவர் மறுபடி விற்பது மீறல் ஆகாது. நான்காம் உட்பிரிவு அந்த விலக்குக்கு ஒரு கடிவாளம் போடுகிறது. பொருளின் நிலை மாற்றப்பட்டிருந்தாலோ கெட்டிருந்தாலோ, அதுபோன்ற நியாயமான காரணம் இருந்தாலோ உரிமையாளர் எதிர்க்கலாம்.

மூன்றாம் உட்பிரிவில் வரும் "சந்தை" எந்தச் சந்தை? இந்தியச் சந்தையா, உலகச் சந்தையா? சாம்சங் வழக்கு முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் நின்றது. தென்கொரியாவின் சாம்சங் நிறுவனம், தன் அச்சுப்பொறிகளை வெளிநாட்டில் வாங்கி இங்கே விற்ற வணிகர்கள்மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2012 பிப்ரவரியில் தனி நீதிபதி இந்தியச் சந்தைதான் என்றார். வணிகர்கள் தோற்றார்கள். அதே ஆண்டு அக்டோபர் 9 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. உலகில் எங்கே முதல் விற்பனை நடந்தாலும் அதோடு உரிமையாளரின் பிடி தளர்ந்துவிடும். அசல் பொருளை இறக்கி விற்பதைத் தடுக்க முடியாது என்றது.

அந்தத் தீர்ப்பின் மிக முக்கியமான பகுதி கடைசியில் இருக்கிறது. விற்கலாம், ஆனால் கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி மூன்று செய்தியை எழுதி வைக்க வேண்டும் என்று அமர்வு ஆணையிட்டது: இது இறக்குமதிப் பொருள், சாம்சங் இதற்கு உத்தரவாதமோ பழுது பார்க்கும் சேவையோ தராது, உத்தரவாதமும் சேவையும் விற்பவர் பொறுப்பு. வாங்குபவரின் பக்கம் நின்று பார்த்தால் வெற்றி தோல்வியைவிட இந்த மூன்று வரிகள்தான் பெரிது.

பழைய இயந்திரங்களுக்கும் ஏறக்குறைய இதே பாதைதான். ஜெராக்ஸ் நிறுவனம் தொடுத்த வழக்கில் 2007இல், முறையான ஆவணங்களோடு, நிலை மாற்றாமல் பழைய ஜெராக்ஸ் இயந்திரங்களை இறக்க டெல்லி உயர் நீதிமன்றம் வழிவிட்டது. 2024 மே மாதம் சீகேட் நிறுவனத்தின் பழைய ஹார்டு டிஸ்குகள் பற்றிய வழக்கில் அதே நீதிமன்றம் இன்னொரு படி போனது. அங்கே பழைய டிஸ்கின் அசல் குறியை நீக்கிவிட்டு, புதுப்பித்துத் தங்கள் சொந்தப் பெயரில் விற்றுக்கொண்டிருந்தார்கள். அசல் தயாரிப்பாளர் யார், இது புதுப்பிக்கப்பட்ட பழைய பொருள், அசல் தயாரிப்பாளரின் உத்தரவாதம் இதற்கு இல்லை என்பதையெல்லாம் பொட்டலத்தின் மேலேயே தெளிவாக அச்சிட்டு விற்க வேண்டும் என்று நீதிமன்றம் வரையறுத்தது. அச்சுப்பொறிக்கும் டிஸ்குக்கும் சொன்னது டீசல் என்ஜினுக்கும் பவர் டில்லருக்கும் பொருந்தாது என்று வாதிட எந்தக் காரணமும் இல்லை.

குபோட்டாவும் ஜான் டீரும் நடத்திய வழக்குகள்

விவசாய இயந்திரத்தை மையமாக வைத்தே நடந்த வழக்குகளைத் தேடினால் அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும். உரிமை எப்போது தீரும் என்பதை உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்பாடு, அதன் 6ஆம் பிரிவின்படி, அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. அதனால் ஒவ்வொரு நாடும் ஒரு வழியில் போகிறது. ஐரோப்பா தன் பொருளாதார வட்டத்துக்குள் விற்ற பொருளுக்கு மட்டும் கதவைத் திறந்து, வெளியே விற்றதற்கு அடைத்துவிட்டது. 1998இல் சில்ஹூட் என்ற மூக்குக்கண்ணாடி நிறுவனத்தின் வழக்கு அதை உறுதிசெய்தது. அமெரிக்கா வேறொரு கேள்வி கேட்கிறது: அங்கே விற்ற பொருளுக்கும் இங்கே விற்கும் பொருளுக்கும் வாங்குபவர் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு உண்டா?

இந்தக் கேள்வி கூர்மையாக எழுந்தது குபோட்டா டிராக்டர் வழக்கில். ஜப்பானிய வயல்களில் ஓடிப் பழசான சிறிய குபோட்டா டிராக்டர்களைச் சில வணிகர்கள் அமெரிக்காவில் இறக்கி விற்றார்கள். அசல் குபோட்டாதான், பெயரும் அதேதான். ஆனால் ஜப்பானுக்கென்று செய்த வண்டியில் எச்சரிக்கையும் இயக்கக் குறிப்புகளும் ஜப்பானிய மொழியில் இருந்தன. சில பாகங்களின் வலு, இயக்க வேகம், பாதுகாப்பு அமைப்பு அமெரிக்க மாதிரியிலிருந்து மாறுபட்டன. அந்த மாதிரிகளுக்கான உதிரிபாகமும் பழுது பார்க்கும் சேவையும் அமெரிக்க முகவர்களிடம் இல்லை. ஓட்டுகிறவர் படிக்க முடியாத எச்சரிக்கை ஒட்டு, உயிருக்கே ஆபத்தான வேறுபாடு என்று நிறுவனம் வாதிட்டது. 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பழைய பொருள் என்பதால் வேறுபாடு மறைந்துவிடாது என்றது.

அதே நீதிமன்றம் 2006இல் ஜான் டீர் வழக்கில் நாணயத்தின் மறுபக்கத்தையும் காட்டியது. ஐரோப்பாவுக்கென்று செய்த ஜான் டீர் தீவன அறுவடை இயந்திரங்களைச் சிலர் அமெரிக்காவில் இறக்கினார்கள். விளக்கு, ஒட்டு, கொக்கி என்று வேறுபாடுகள் இருந்தன. ஆனால் நிறுவனத்தின் சொந்த முகவர்களே அதே ஐரோப்பிய மாதிரியை அமெரிக்காவில் விற்றிருக்கிறார்கள் என்று எதிர்த்தரப்பு காட்டியது. முகவர் விற்றால் சரி, மற்றவர் விற்றால் மீறல் என்று நிறுவனம் சொல்ல முடியாது என்ற கருத்தில், தடை ஆணையை நீதிமன்றம் நீக்கி மறு விசாரணைக்கு அனுப்பியது. வழக்கு அதன்பிறகும் நீண்டது. ஆனால் அந்த நெறி நிலைத்தது: வேறுபாட்டைக் காரணம் காட்டுகிற நிறுவனம், தானும் அந்த வேறுபாட்டைக் கடைப்பிடித்திருக்க வேண்டும்.

இடையில் 2005இல் எஸ்.கே.எஃப். பேரிங் வழக்கில், பொருள் அச்சு அசலாக ஒன்றாக இருந்தாலும் அதற்குப் பின்னால் வரும் தொழில்நுட்ப உதவியும் சேவையும் வேறுபட்டால் அதுவும் வேறுபாடே என்று ஏற்கப்பட்டது. சாம்சங் வழக்கில் டெல்லி அமர்வும் இந்தக் கருத்தைக் கவனத்தில் எடுத்துக்கொண்டது. உத்தரவாதம், சேவை, விளக்க ஏட்டின் மொழி இவையும் நியாயமான காரணத்துக்குள் வரலாம் என்பதை மறுக்கவில்லை. வேறுபாட்டை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் ஏமாற்றம் நீங்கிவிடும் என்பதே அது கண்ட வழி. அமெரிக்கா வாசலிலேயே நிறுத்துகிற சரக்கை இந்தியா உண்மையைச் சொல்லி விற்கச் சொல்கிறது. ஏழை நாட்டுக்கு இந்தியாவின் வழியே பொருத்தமானது என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் உண்மையைச் சொல்லும் பகுதி நடைமுறையில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஏமாற்றுவதற்கு மட்டுமே கதவைத் திறந்துவிட்டது போலாகும்.

துறைமுக வாசலில்

வணிகக்குறி உரிமையாளர் தன் குறியைச் சுங்கத்துறையில் பதிந்து வைக்கலாம். 2007 மே 8 அன்று வந்த விதிகள் இதற்கு வழிசெய்கின்றன. சந்தேகச் சரக்கு வந்தால் அதிகாரி நிறுத்திவைத்து உரிமையாளருக்குத் தகவல் தருவார். உரிமையாளர் பத்து வேலை நாட்களுக்குள் நடவடிக்கையில் சேர வேண்டும். மேலும் பத்து நாள் நீட்டிக்கலாம். சேராவிட்டால் சரக்கு விடுவிக்கப்படும்.

போலியைப் பிடிக்க வந்த இந்த விதி அசலையும் பிடிக்கப் பயன்பட்டது. இணை இறக்குமதியை நிறுத்தலாமா என்று அதிகாரிகள் கேட்டபோது, 2012 மே மாதம் சுங்கத்துறையின் மத்திய வாரியம் சுற்றறிக்கை அனுப்பியது: 30ஆம் பிரிவின் மூன்றாம், நான்காம் உட்பிரிவுகளுக்கு உட்பட்டு இணை இறக்குமதிக்குத் தடை இல்லை. பிறகு 2018இல் விதிகளைத் திருத்திக் காப்புரிமையை இந்தப் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள். சரக்கைப் பார்த்து ஒரு குறி போலியா என்று சுங்க அதிகாரி சொல்லலாம். ஓர் என்ஜினுக்குள் இருக்கும் நுட்பம் யாருடைய காப்புரிமை என்று துறைமுக வாசலில் நின்று தீர்மானிப்பது அவர் வேலை இல்லை.

வணிகக்குறிக்கு வெளியே அரசின் இறக்குமதிக் கொள்கையும் இயந்திரத்தை நிறுத்தும். பவர் டில்லரையும் அதன் என்ஜின், கியர் பெட்டி, சேசிஸ், ரொட்டவேட்டர் ஆகிய பாகங்களையும் 2020 ஜூலை 15 அன்று மத்திய அரசு தடையற்ற பட்டியலிலிருந்து கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு மாற்றியது. அனுமதி பெறாமல் இறக்க முடியாது. உள்நாட்டில் ஜப்பானின் மிட்சுபிஷி தொழில்நுட்பத்தில் தொடங்கிய பெங்களூர் வி.எஸ்.டி. நிறுவனமும், குபோட்டா தொழில்நுட்பத்தில் தொடங்கிய கேரள அரசின் காம்கோவும் பவர் டில்லர் செய்கின்றன. அவற்றுக்கு இது பாதுகாப்பு. பழைய டீசல் ஜெனரேட்டர் செட்டுகளும் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. பழைய மூலதனப் பொருட்களில் மற்ற பலவற்றை இறக்கத் தடையில்லை.

ஒரு வாசல் அடைபட்டால் சரக்கு வேறு பெயரில் வேறு வாசலில் வரப் பார்க்கும். முழு இயந்திரத்துக்குத் தடை என்றால் பாகங்களாக வரும். பாகங்களாக வந்து இங்கே பூட்டிய இயந்திரத்துக்குப் பெயர்த்தகடு எங்கே அடிக்கப்படுகிறது என்பதைத் துறைமுகத்தில் யாரும் பார்க்க முடியாது.

ஒத்த பெயரால் வரும் வழக்கு

இந்தியாவில் என்ஜின் பெயருக்காக நடந்த மிக நீண்ட சண்டை இறக்குமதிச் சரக்கால் வந்ததன்று. குஜராத்தின் ராஜ்கோட் டீசல் என்ஜின் தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்கே பி.எம். டீசல்ஸ் நிறுவனம் "ஃபீல்டு மார்ஷல்" என்ற பெயரில் டீசல் என்ஜின் விற்றது. அதே சொற்களையோ "மார்ஷல்" என்ற பகுதியையோ வேறு நிறுவனங்கள் என்ஜின் பாகத்துக்கும் பம்புக்கும் பயன்படுத்த, வழக்கு மேல் வழக்கு வந்தது. பல பத்தாண்டுகள் நீண்ட அந்தச் சண்டையில் 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு நடைமுறைக் கேள்விக்குப் பதில் சொன்னது. மீறல் வழக்கை விசாரிக்கும் நீதிமன்றம், குறியின் பதிவு செல்லாது என்ற வாதத்தில் முகாந்திரம் இல்லை என்று கண்டால், அதே வாதத்தோடு வேறு வாசலைத் தட்ட முடியாது என்றது. ஒரு பம்புசெட்டின் ஆயுளைவிட நீளமான வழக்கு அது. இரு தரப்பும் வழக்கறிஞர் வைத்து நடத்த முடிந்த நிறுவனங்கள். அந்த ஆண்டுகளில் எந்த மார்ஷல் யாருடையது என்று தெரியாமல் பம்பு வாங்கிய விவசாயிக்காக அங்கே யாரும் வாதாடவில்லை.

பெயரைப் பிறர் எடுத்துக்கொள்வது பழவேற்காட்டுக்குப் புதிதன்று. 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்த டச்சுக்காரர்கள் இங்கிருந்து துணி ஏற்றினார்கள். இந்த ஊரின் பெயரால் கைக்குட்டையும் லுங்கியும் கடல் கடந்து புகழ்பெற்றன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ வட்டாரத் தறிகளிலேயே இந்த ஊரின் பெயரைச் சூட்டிக் கைக்குட்டை நெய்து விற்றார்கள். இங்கே நெய்தவர்கள் கேட்க ஒரு நீதிமன்றம் இல்லை. இன்று வணிகக்குறிச் சட்டமும் இருக்கிறது, புவிசார் குறியீட்டுச் சட்டமும் இருக்கிறது. ஆனால் அவற்றைக் கையில் எடுக்கும் வலு இன்றும் பெரிய நிறுவனங்களுக்கே இருக்கிறது.

வணிகக்குறிச் சட்டத்தில் போலிக்கு எதிரான தண்டனைப் பிரிவுகள் கடுமையானவை. பொய்க் குறி பொறிப்பவருக்கும், அறிந்தே அதை விற்பவருக்கும் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சோதனை செய்து கைப்பற்றும் அதிகாரம் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரிக்கு இருக்கிறது. அதற்கு முன் வணிகக்குறிப் பதிவாளரின் கருத்தைப் பெற வேண்டும். அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டபின், சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஏப்ரலில் அறிவுசார் சொத்துக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கியிருக்கிறது. 

மூன்று தரப்பு, ஒரு தீர்ப்பு

நிறுவனங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. பெயரை நம்பகமாக்கப் பல ஆண்டு உழைத்திருக்கிறார்கள். உப்புக் காற்றுக்கும் இங்குள்ள டீசலுக்கும் ஏற்பச் செய்யாத மாதிரி இங்கே வந்து பழுதானால் திட்டு அவர்களுக்குத்தான் விழும். முகவர் கடை வைத்து, மெக்கானிக்குக்குப் பயிற்சி கொடுத்து, பாகம் இருப்பு வைக்கும் செலவை அவர்கள் செய்ய, இறக்குமதி வணிகர் செலவில்லாமல் அறுவடை செய்கிறார்.

வணிகர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஒரே பொருளை ஒரு நாட்டில் குறைத்தும் இன்னொரு நாட்டில் கூட்டியும் விற்பது நிறுவனத்தின் விருப்பம் என்றால், குறைந்த விலைக்கு வாங்கி வருவது மற்றவரின் உரிமை. முகவர் மட்டுமே விற்கலாம் என்றால் பாகத்தின் விலையையும் பழுது பார்க்கும் கூலியையும் அவர் வைத்ததே சட்டமாகிவிடும். உலகம் முழுக்க இப்போது எழுந்திருக்கும் பழுது பார்க்கும் உரிமை பற்றிய குரலும் இதையே சொல்கிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் அமைத்த குழு விவசாயக் கருவிகளையும் தன் வரம்பில் சேர்த்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் ஜான் டீர் நிறுவனத்தின்மீது பழுது பார்ப்பைத் தன் பிடியில் வைத்திருப்பதாக வழக்கே தொடுத்தது.

மூன்றாம் தரப்பு வாங்குபவர். அவருக்கு இரண்டு நியாயமும் வேண்டியதில்லை. முகத்துவாரத்தில் மணல் திட்டு மேல் அலை உடையும் இடத்தில் என்ஜின் நின்றுவிட்டால் படகு என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். நாசிலோ பிஸ்டன் ரிங்கோ கிடைக்காமல் பருவத்தில் படகு கரையில் கிடந்தால் வட்டி யார் கட்டுவது என்பதும் தெரியும். அவர் கேட்பது ஒன்றுதான்: இது எங்கிருந்து வந்தது, கெட்டுப்போனால் யாரிடம் போவது?

இத்தனை தீர்ப்பையும் விதியையும் சேர்த்துப் பார்த்தபின் என் முடிவு இது. அசல் பொருளின் இணை இறக்குமதியைத் தடுக்கக் கூடாது. அது விலையைக் கட்டுக்குள் வைக்கிறது. போலியை விட்டுவைக்கக் கூடாது; அது உயிரை எடுக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள பழைய பொருளுக்கும் சாயல் பொருளுக்கும் முழு உண்மையைச் சொல்வதே நிபந்தனையாக இருக்க வேண்டும். சாம்சங் வழக்கிலும் சீகேட் வழக்கிலும் நீதிமன்றம் குறிப்பிட்ட சில வணிகர்களுக்கு இட்ட ஆணையை, கடலிலும் வயலிலும் ஓடும் எல்லா என்ஜினுக்குமான விதியாக அரசு மாற்ற வேண்டும். இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும், எந்த நாட்டுச் சந்தைக்கென்று செய்தது, புதிதா புதுப்பித்ததா, உத்தரவாதம் யாருடையது, பாகம் எங்கே கிடைக்கும் என்ற ஐந்து செய்தியும் தமிழில் என்ஜினோடு வர வேண்டும். மீன்வளத் துறையும் வேளாண்மைப் பொறியியல் துறையும் மானியம் தரும் இடத்திலேயே இதைக் கட்டாயமாக்கலாம்.

அதுவரை வாங்குபவர் கையில் இருக்கும் ஆயுதம் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக என்ஜின் வாங்கும் மீனவரும் விவசாயியும் அச்சட்டத்தின்படி நுகர்வோரே. இறக்குமதி செய்தவரும் அதில் பொருள் விற்பவராகவே கருதப்படுகிறார். தயாரித்தவர் யாரென்று தெரியாவிட்டாலோ, இந்தியச் சட்டத்துக்கு எட்டாதவராக இருந்தாலோ, பொருளால் வந்த தீங்குக்கு விற்றவரே பொறுப்பு. இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் தரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணில் வழி கேட்கலாம். ஆனால் இதெல்லாம் பில் இருந்தால்தான் எளிதில் நடக்கும். பில் போட்டால் ஒரு விலை, போடாவிட்டால் ஒரு விலை என்று கடைக்காரர் சொல்லும்போது, மிச்சமாகிறது என்று நினைக்கும் அந்தப் பணத்துக்கு நம் உரிமையையே விற்றுவிடுகிறோம்.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் மக்கள் ஏரியில் யார் எந்த இடத்தில் எப்போது வலை போடுவது என்பதைப் பாடு முறையில் சீட்டுப் போட்டு முடிவு செய்து, பெயர் எழுதி வைத்துக் காத்து வந்தவர்கள். அப்படிப்பட்ட ஊர்க்கூட்டத்தால் ஒரு என்ஜின் கணக்கேட்டையும் வைக்க முடியும். ஒவ்வொரு படகின் என்ஜின் எண், வாங்கிய கடை, பில் தேதி, உத்தரவாதம் தந்தவர் பெயர் ஆகியவற்றை அதில் எழுதி வையுங்கள். ஒரே கடையில் வாங்கிய பத்து என்ஜின் ஒரே கோளாறில் நின்றால், பத்துப் பேரும் சேர்ந்து ஒரே புகாராகக் கொடுங்கள். தகட்டில் உள்ள எண்ணையும் வார்ப்பில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பில் இல்லாத என்ஜினை, எந்தப் பெயர் பொறித்திருந்தாலும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.